பட்டியல் கொழுத்தது, பாட்டி மெலிந்தாள்!

முதியோர் இல்லத்துச் சுவரிலே உணவுப் பட்டியல் தொங்குகிறது. திங்கள் இட்லி, செவ்வாய் பொங்கல், புதன் முட்டை! படித்தாலே பசியெடுக்கும். பார்வையிட வரும் அதிகாரி பட்டியலைப் படிக்கிறார், பதிவேட்டைப் புரட்டுகிறார், 'உணவு திருப்தி' என்று கையெழுத்திடுகிறார். திருப்தி யாருக்கு, தோழர்களே? பட்டியலுக்கா, பாட்டிக்கா?

பரிமாறியது எவ்வளவு என்பதைப் பதிவேடு சொல்லும். வயிற்றுக்குள் போனது எவ்வளவு என்பதை எச்சில் தட்டுதான் சொல்லும். பல் இல்லை, மெல்ல முடியவில்லை. கை நடுங்குகிறது, ஊட்ட ஆளில்லை. இரவிலே கழிப்பறைக்கு அழைத்துப் போக யாரும் வரமாட்டார்களே என்று அஞ்சித் தண்ணீரைக்கூடக் குறைத்துக் கொள்கிறவர்கள் உண்டு. தட்டு அப்படியே திரும்புகிறது. கணக்கிலே அவர் சாப்பிட்டாயிற்று! 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 41 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டை தருவது 6 கிராம். அதுவும் தட்டிலே திரும்பிவிட்டால், வெறுங் கஞ்சியா ஈடுகட்டும்?

கண்டறிவது கடினமா? இல்லை. மருத்துவர்கள் கையாளும் சிறிய ஊட்டச்சத்து மதிப்பீட்டுப் படிவம் ஒன்று இருக்கிறது. கேள்விகள் 6, மதிப்பெண் 14. மூன்று மாதத்தில் உணவு குறைந்ததா? எடை 3 கிலோவுக்கு மேல் இறங்கியதா? நடமாட்டம் எப்படி? நோயோ பெருந்துயரோ தாக்கியதா? நினைவு தடுமாறுகிறதா, மனம் சோர்ந்ததா? கடைசியாக, உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா? எழுந்து நிற்க முடியாதவருக்குக் கெண்டைக்காலை அளந்தால் போதும். 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அந்தக் கேள்விக்குச் சுழியம். மொத்தம் 7 அல்லது அதற்கும் கீழே என்றால், அவர் ஊட்டமின்றி வாடுகிறார். தையற்காரர் நாடாவுக்கு டில்லியின் அனுமதியா வேண்டும்?

டில்லி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தில் 19ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் 150 ஏழை முதியவர்களுக்கு இல்லம் அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்' - கவனியுங்கள்! இல்லத்தின் தரம் பற்றிப் பேசுமிடத்தில் மருத்துவத்தைப் பெயர் சொல்கிறது, பொழுதுபோக்கைப் பெயர் சொல்கிறது. சோற்றைப் பெயர் சொல்லவில்லை. எழுதியவர்கள் பசியாறிவிட்டு எழுதினார்கள் போலும்! 1920இலே, பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறிட்டது. பிள்ளையின் பசியறிந்த இயக்கம், பாட்டியின் பசியை அறியாதிருக்கலாமா?

நம்மவர்களும் ஒன்று கேளுங்கள். தலைவர் பிறந்தநாளில் முதியோர் இல்லம் போகிறோம். பல்லில்லா வாய்க்குப் பிரியாணி, நீரிழிவுக்காரருக்கு லட்டு, நமக்குப் புகைப்படம்! அடுத்தமுறை அண்டாவோடு ஓர் எடை பார்க்கும் கருவியும் வாங்கிப் போங்கள். மாதந்தோறும் எடை எழுதிய ஏட்டைக் கேளுங்கள். இல்லையென்றால் அன்றே தொடங்கச் சொல்லுங்கள். புகைப்படக்காரர் போன பின்னும் இருந்து, தட்டு கழுவும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள்.