பச்சைக் கற்களை அறிதல்



கல்வராயன் மலையடிவாரத்துப் பள்ளிகளில் ஆசிரியப் பணி செய்தவர் எவராயினும், ஒரு கேள்விக்குத் தப்பியிருக்க முடியாது. ஓடைப் படுகையில் கிடைத்த பசுமை படர்ந்த கல்லொன்றை நீட்டி, "ஐயா, இது மரகதந்தானே?" என்று ஒரு மாணவன் கேட்பான். அன்று என்ற விடையைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால், அன்று என்றால் பின் யாது என்று சொல்லத் தெரியாத ஆசிரியரை அம்மாணவன் மறுமுறை நாடி வரமாட்டான். ஆதலின் அந்தப் 'பின் யாது' என்பதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

கல்வராயன் மலையின் உடலாய் அமைந்தது பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்த கல், சென்னையை அடுத்த பல்லாவரப் பகுதியின் கல்லே எனக் கண்ட ஹாலண்ட் என்னும் நிலநூலார், 1893-இல் அப்பாறைக்கு அவர் பெயரையே சூட்டினார். புதிதாக உடைத்த முகத்தில் இது எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும்; நீலமும் பச்சையும் கலந்த கருநிறம் தோன்றும். நம் மாணவர் கொண்டுவரும் கல்லில் பெரும்பகுதி இதுவே. நைஸ் பாறையின் வெடிப்புகளில் கிளிப்பச்சை நிறத்தில் மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பது எபிடோட் என்னும் கனிமம். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் போனால், வெள்ளை மாக்னசைட் நரம்புகளுக்கு இடையே டுனைட் பாறை சிதைந்து விளைந்த செர்ப்பென்டைன் என்னும் பச்சைக் கல்லைக் காணலாம்; கத்தி முனைக்கே இது கீறல் விழுந்துவிடும். இவற்றுள் எதுவும் மரகதம் அன்று. எனினும் ஒவ்வொன்றும் பள்ளிக் காட்சிப் பலகையில் இடம்பெறத் தக்கதே.

அப்படியானால் மரகதம் நம் பக்கத்தில் இல்லவே இல்லையா? உண்டு. 1995-இல் சேலம் மாவட்டத்துச் சங்ககிரி வட்டத்தில், இடைப்பாடி, கொங்கணாபுரம் ஆகிய ஊர்களையொட்டி மரகதம் கண்டறியப்பட்டது. மரகதம் பெரில் என்னும் கனிமத்தின் ஒரு வகை. பெரிலியமும் அலுமினியமும் சிலிக்காவும் கூடி ஆறு பட்டைத் தூணாக அது வளர்கிறது. அதில் குரோமியம் சிறிதளவு கலந்தால் மரகதப் பச்சை. இரும்பு கலந்தால் கடல்நீர் வண்ணம். இந்தக் கடல்நீர்ப் பெரிலுக்குப் பெயர்பெற்ற ஊர் காங்கயத்தை அடுத்த படியூர். 1819, 1820 ஆகிய ஆண்டுகளில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்குச் சுரங்கம் வைத்து எடுத்தார். ஆனால் அவருக்குப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நொய்யல் கரைக்காரர் இக்கல்லை அறிந்திருந்தனர். 1985 முதல் அகழ்ந்து ஆராயப்பட்ட கொடுமணலில் பெரிலும் நீலமும் படிகமும் சூதுபவளமும் மணிகளாகவும், மணியாகும் முன்னைய நிலையிலும் கிடைத்துள்ளன.

உரோமாபுரி ஆசிரியர் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய தம் இயற்கை வரலாற்றில், பெரில் இந்தியாவில் விளைவது, பிற நாடுகளில் அரிது என்கிறார். கடலின் தூய பசுமையை ஒத்ததே சிறந்தது என்றும், இந்தியர் நீண்ட மணிகளையே விரும்பி, துளையிட்டு யானை மயிரில் கோப்பர் என்றும் குறிக்கிறார். அவ்வளவில் நிறுத்தியிருந்தால் நமக்குப் பெருமையாக இருந்திருக்கும். படிகக் கல்லுக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்யவும் இந்தியர் வல்லவர் என்று அவர் சேர்த்துச் சொல்லிவிட்டார்! போலியின் வரலாறும் மணியின் வரலாற்றளவு பழையது போலும்.

நல்ல கல்லைத் தேர்வது எங்ஙனம்? சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணி வீதியைக் காணும் இடத்தில், மரகதத்துக்கு ஆகாத குற்றங்களாக ஏகை, மாலை, இருள் என்னும் மூன்றும் சுட்டப்பெறுகின்றன. ஏகையாவது கீற்று, மாலையாவது வரிவரியாக ஓடும் சாயல், இருளாவது ஒளி புகாத கருமை. இன்றைய மணி வணிகர் நோக்குவதும் ஏறத்தாழ இவற்றையே. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்க. இயற்கை மரகதத்தில் உட்கீற்றுகள் பெரும்பாலும் இருக்கும்; அவற்றைத் தோட்டம் என்றே பிரெஞ்சு மொழியில் செல்லமாக அழைப்பர். களங்கமே இல்லாத பெரிய மரகதம் மலிவாகக் கிடைக்கிறதென்றால், அதனை இருமுறை ஐயுறுக.

நான் தலைமை ஆசிரியனாய் இருந்த காலத்தில், மாணவி ஒருத்தியின் தந்தை, மகளின் திருமணத்துக்கென வாங்கிய மோதிரக் கல்லைக் காட்ட வந்தார். நெல் விற்ற பணத்தில் பாதி அதற்குப் போயிருந்தது. பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கியபோது, உள்ளே உருண்டையான காற்றுக் குமிழிகள் இரண்டு தெளிவாகத் தெரிந்தன. பட்டைகளின் ஓரம் மழுங்கியிருந்தது. உருகி ஆறிய கண்ணாடியில் உருண்டைக் குமிழி தங்கும்; மண்ணுக்குள் மெல்ல வளர்ந்த மரகதத்தில் அத்தகைய குமிழி அமைவதில்லை. அக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்து நோக்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. வாங்குவதற்கு முன் அவ்வாறு பார்க்க அரை நிமிடம் போதும். நல்ல உருப்பெருக்கி ஒன்றின் விலையும் பெரிதன்று.

அடுத்த சோதனை கடினத்தன்மை. மோஸ் என்னும் செருமானியர் 1812-இல் வகுத்த அளவில் வைரம் 10, மரகதம் ஏழரை முதல் 8, படிகம் 7, சாளரக் கண்ணாடி ஐந்தரை, மாலகைட் மூன்றரை முதல் 4. கண்ணாடித் துண்டைக் கீறாத கல் மரகதமாகாது. ஆனால் பளபளப்பேற்றிய கல்லில் இச்சோதனையை ஒருபோதும் செய்யற்க. பிறர் பொருளில் கீறல் இடும் உரிமை நமக்கில்லை. மரகதமே ஆயினும் அடிபட்டால் பிளக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை எடைச் சோதனை. ஆர்க்கிமிடீசு கண்ட நெறியே அது. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்துத் தராசும் ஒரு நூலும் ஒரு முகவை நீரும் போதும். கல்லை முதலில் காற்றில் நிறுத்துக. பின் நூலிற் கட்டி, காய்ச்சி ஆறவைத்த நீரில் முழுதும் அமிழ, முகவையின் அடியைத் தொடாமல் நிறுத்துக. கடையில் 'ஜேடு' என்று விற்ற ஒரு கல் காற்றில் 53 கிராம், நீரில் 33 கிராம் நின்றது என்று கொள்வோம். குறைந்த எடை 20 கிராம். 53-ஐ 20-ஆல் வகுத்தால் 2.65. இதுவே ஒப்படர்த்தி, இது படிகத்துக்கு உரிய எண். உண்மை ஜேடாயின் இரண்டில் ஒன்றாக இருக்கவேண்டும்: நெப்ரைட் எனில் 2.95 அளவு, ஜேடைட் எனில் 3.33 அளவு. இவை இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்பதை 1863-இல் பிரெஞ்சு வேதியியலார் தமூர் பிரித்துக் காட்டும்வரை உலகம் ஒன்றென்றே எண்ணியிருந்தது. மரகதத்துக்கு 2.72 அளவு, படிகத்துக்கு வெகு அருகிலுள்ள எண் ஆதலின், அங்கே மட்டும் நிறுத்தலில் மிக்க கவனம் வேண்டும். சிறு கல்லாயின் பள்ளித் தராசு போதாது. மணியியல் ஆய்வகத்தின் சான்றே வேண்டும்.

அந்த 2.65 கல் யாது? இந்திய ஜேடு என்று வணிகர் வழங்கும் அவென்ட்சுரின். படிகத் துகள்களுக்கிடையே குரோமியம் கலந்த பச்சை அப்பிரகத் தகடுகள் சிதறிக் கிடப்பதால் அதற்குப் பசுமையும் மினுக்கமும் வாய்க்கின்றன. கருநாடகத்துத் தொன்மையான பாறைகளில், ஹாசன் பக்கத்தில், இவ்வகைப் பச்சைக் குவார்ட்சைட் உண்டு. பெயரில் ஒரு வேடிக்கை: இத்தாலியில் தற்செயலாக விளைந்த மினுக்குக் கண்ணாடிக்கு இட்ட பெயர், பின் அதை ஒத்த கல்லுக்கு வந்து சேர்ந்தது. கல்லைப் பார்த்துக் கண்ணாடி செய்வதே வழக்கம். இங்கோ கண்ணாடியைப் பார்த்துக் கல்லுக்குப் பெயர். விலை குறைவு என்பதற்காக இதனை இகழ வேண்டியதில்லை. அவென்ட்சுரின் என்று சொல்லி விற்றால் அது நேர்மையான அழகிய கல். ஜேடு என்று சொல்லி விற்கும்போதே அது போலியாகிறது.

கோயில்களில் மரகதலிங்கம் என்று போற்றப்படுவனவற்றைப் பற்றி மாணவர் கேட்பதுண்டு. பண்டைக் காலத்தார் பச்சை மணி பலவற்றையும் மரகதம் என்ற ஒரே பெயரால் வழங்கினர். வழிபாட்டுப் பெயர் வேறு, கனிமப் பெயர் வேறு. 2021 டிசம்பரில் தஞ்சாவூரில் ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து பச்சை லிங்கமொன்றைக் காவல்துறையினர் மீட்டபோது, அதன் மதிப்பு 500 கோடி ரூபாய் என்ற செய்தியே எங்கும் பேசப்பட்டது. எக்கோயிலுக்கு உரியது என்ற கேள்வி அல்லவா முதலில் எழவேண்டும்?

இனிக் காட்சிக்கு வைத்தல். பச்சைக் கல்லின் கீழே பச்சைத் துணி விரிப்பது பலரும் செய்வது. அது கல்லின் நிறத்தை விழுங்கிவிடும். மங்கிய வெண்மையோ சாம்பல் நிறமோ தகும். அவென்ட்சுரினுக்கு ஒளி ஒரு பக்கமிருந்து சாய்ந்து விழவேண்டும். நேர் மேலிருந்து விழுந்தால் மினுக்கம் உறங்கிவிடும். மரகதத்தின் கீற்றுகளில் எண்ணெய் ஊட்டியிருப்பர். சூடான விளக்கின் அருகில் வைத்தாலும், சோப்பு நீரில் ஊறவைத்தாலும் அவ்வெண்ணெய் வற்றிக் கீற்று வெளிப்படும். மாலகைட் செம்பின் கார்பனேட்டு. பித்தளைச் செம்பைத் துலக்குவதுபோல் புளியோ எலுமிச்சையோ இட்டால் நுரைத்துக் கரையும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தலே போதும்.

கல்லைத் தாங்க நெகிழிப் பெட்டி வேண்டா. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அக்கைவினைஞர் ஒருவரிடம் சொல்லி, கல்லின் அடிப்பக்கத்துக்கு ஏற்பக் குழிவு அமைந்த சிறு பீடமொன்று செய்விக்கலாம். காப்புக்காட்டிலிருந்து இசைவின்றிக் கல் எடுத்து வருதல் குற்றம் என்பதையும் அறிக. பாறையின் படமும் ஓடையின் பெயருமே அங்கிருந்து போதும்.

சென்னை அருங்காட்சியகம் 1851-இல் ஏறத்தாழ 1100 நிலவியல் மாதிரிகளோடு தொடங்கியது. மாதிரி ஒன்றை அருங்காட்சியகப் பொருளாக்குவது அதன் சீட்டு. கல்லின் பெயர், ஒப்படர்த்தி, கிடைத்த இடம், நாள், தந்தவர் ஆகியவற்றை எழுதுக. இடத்தை எழுதும்போது மாவட்டத்தின் பெயரோடு நிறுத்தாதீர்கள். கள்ளக்குறிச்சி 1993 வரை தென்னார்க்காட்டில் இருந்தது, பின் விழுப்புரத்தில், 2019 முதல் தனி மாவட்டம். தென்னார்க்காடு என்று மட்டும் எழுதிய பழைய சீட்டு, அக்கல் கடலூர்க் கரையினதா கல்வராயன் மலையினதா என்று இன்று சொல்லாது. ஊர், ஓடை, குன்று ஆகியவற்றின் பெயர்களைப் பென்சிலால் எழுதுக. மை ஈரத்தில் கலையும்.