திருமயத்தில் பாறை, நெடுவாசலில் எண்ணெய்: ஏன் இப்படி?

அரிமளத்திலிருந்து மேற்கே போனால் திருமயம் கோட்டையைத் தாங்கும் பாறைக்குன்று. கிழக்கே போனால் நெடுவாசல். எண்ணெய், எரிவாயுத் திட்டத்துக்கு எதிராக 2017-இல் மக்கள் திரண்ட ஊர். இரண்டும் ஒரே மாவட்டம்தான். நிலத்தடியில் மட்டும் ஏன் இவ்வளவு வேறுபாடு?

திருமயம் பாறை பூமிக்குள் பெருஞ்சூட்டில் உருவானது. அதில் எண்ணெய் பிறக்க வழியில்லை. கிழக்குப் பகுதியின் கதை வேறு. 13 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இந்தியா பழைய பெருங்கண்டத்திலிருந்து பிரிந்தபோது இந்தக் கரையோர நிலம் விரிசல் கண்டு கீழே இறங்கியது. அந்தப் பள்ளங்களில் கடல் புகுந்தது. மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்தன. அதுதான் இன்றைய காவிரிப் படுகை.

சேற்றோடு நுண்ணிய கடலுயிர்களும் புதைந்தன. பிறகு என்ன நடந்தது?

இட்லிப் பானையை நினைத்துப் பாருங்கள். அடியில் சூடு. ஆவி தட்டின் துளைகள் வழியே மேலேறும். மூடி அதைத் தடுத்து நிறுத்தும். நிலத்தடியிலும் அப்படித்தான். ஆழத்தின் சூட்டில் உயிர் எச்சங்கள் மெல்ல மெல்ல எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. மணற்பாறையின் நுண்துளைகள் வழியே மேலேறின. களிமண் பாறை மூடியாக நின்ற இடத்தில் தேங்கின. இதே படுகையில் உள்ள நரிமணத்திலும் கமலாபுரத்திலும் எடுக்கப்படுவது இப்படித் தேங்கியதுதான்.

ஆனால் அதே படுகையின் மேலடுக்குகளில்தான் விவசாயிகளின் ஆழ்குழாய்க் கிணறுகளும் நிற்கின்றன. எண்ணெய் எடுத்தால் நிலத்தடி நீர் கெடுமோ என்ற அச்சம் அதனால்தான். நெடுவாசல் போராட்டமும் அதனால்தான். தமிழ்நாட்டின் 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், நெடுவாசல் உள்ள திருவரங்குளம் ஒன்றியத்தையும் சேர்த்து, புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை விதிக்கிறது.