மஜ்ஜை சாம்பிள்: இன்னொரு கையெழுத்து கேட்டால்

இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தடித்த ஊசியை எலும்புக்குள் இறக்கி மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். தோலும் எலும்பின் மேற்பரப்பும் மரத்திருந்தாலும், உறிஞ்சும் அந்தச் சில நொடிகள் சுளீரென்று வலிக்கும். நோயைக் கண்டறிய எடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. கூடவே "ஆராய்ச்சிக்கும் கொஞ்சம்" என்று எடுத்தால் அது வேறு. அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும்.

அந்தக் கொஞ்சத்தில் உள்ள செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்தச் செல்லில் எந்த மரபணு இயங்குகிறது என்று படிப்பதே ஒற்றைச் செல் ஆய்வு. மருந்துக்கு அடங்காத ரத்தப் புற்றுச் செல்கள் இப்படியும் பிடிபடுகின்றன. ஆகவே கொடுப்பது நல்ல காரியம். தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தரவிலிருந்து பெயரை நீக்கிவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். ஆனால் ஒற்றைச் செல் தரவை வேறு மரபணுத் தரவோடு ஒப்பிட்டு அது யாருடையது என்று அடையாளம் காண முடியும் என 2024-இல் 'செல்' ஆய்விதழில் வந்த ஆய்வு காட்டியது. மரபணு குடும்பச் சொத்து. உங்கள் தரவு உங்கள் பிள்ளைகளைப் பற்றியும் பேசும்.

சொல்லாமல் எடுத்ததற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவில் ஜான் மூர் என்ற ரத்தப் புற்றுநோயாளியை, 1976-இல் மண்ணீரலை அகற்றிய பிறகும் சியாட்டிலிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் பல ஆண்டுகள் வரவழைத்து ரத்தமும் மஜ்ஜையும் எடுத்தார்கள். அவருடைய செல்களிலிருந்து உருவாக்கிய செல் வரிசைக்குக் காப்புரிமை வாங்கியது அவருக்குச் சொல்லப்படவில்லை. செல்கள் மூரின் சொத்து அல்ல என்றது கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், 1990-இல். ஆனால் தன் ஆராய்ச்சி, வருமான ஆதாயத்தை மருத்துவர் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் நம் பக்கம் நிற்கின்றன. தகவல் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கூடுதலாக எவ்வளவு எடுப்பார்கள், மிச்சத்தை எத்தனை காலம் வைத்திருப்பார்கள், வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, தரவைப் பொதுவில் போடுவார்களா, வேறு நோய்க்கான அறிகுறி தெரிந்தால் சொல்வார்களா என்று கேளுங்கள். மறுத்தாலும் சிகிச்சை குறையக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் கேட்கலாம்.

கையெழுத்திட்ட தாளின் நகலை வாங்கி வையுங்கள். நிறுவன நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் அதில் இருக்க வேண்டும். புகாரை எழுத்தில் அங்கே கொடுக்கலாம். மனம் மாறினால் சாம்பிளை அழிக்கச் சொல்லலாம். ஆனால் அடையாளம் முழுக்க நீக்கப்பட்டபின் அதைத் தேடி எடுக்க வழியில்லை. தரவு வெளியாகிவிட்டால் திரும்பப் பெறவும் முடியாது. எனவே விலக நினைத்தால் அன்றே எழுதிக் கொடுங்கள்.