தோள்வாரை எங்கே மாட்டுவது?

சுமை என்றால் என்ன என்று தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் வாளிகள் இரண்டையும் காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் மாட்டி, தோளில் ஏற்றிக்கொண்டு, மேடும் பள்ளமுமான நிரைகளில் பால் சிந்தாமல் நடந்து வந்தவர்கள் நாம். ஒரு வாளியில் பால் குறைந்திருந்தால், கனமான வாளி தோளுக்கு அருகே வரும்படி கம்பைச் சற்றே நகர்த்திக்கொள்வோம். எந்தப் பள்ளிக்கூடமும் இதைக் கற்றுத் தரவில்லை. தோளே கற்றுத் தந்தது. தோளுக்குத் தெரிந்த அந்தப் பாடத்தை இன்று வேறொரு பொருளை வைத்து ஆராய்வோம். அந்தப் பொருள் ரைபிள் துப்பாக்கியின் தோள்வார். அதன் இரு முனைகளையும் துப்பாக்கியில் எங்கே மாட்டுவது என்பதே இன்றைய பேச்சு.

துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 1943ஆம் ஆண்டு நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்ற பெண்களில் பலர், ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போனவர்கள். அப்படையின் துணைத் தலைமையில் இருந்த ஜானகி தேவர் கோலாலம்பூரைச் சேர்ந்தவர். பின்னர் 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாட்டில் அவசரகாலம் பிறந்தது. அது 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள்தான் முடிந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஆயிரக்கணக்கான ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், இந்தியரும் இருந்தனர். விடியற்காலைப் பெரட்டுக்கு வந்தவர்கள் அந்தக் காவலர்களின் தோளில் தொங்கிய துப்பாக்கியைத் தினமும் கண்டார்கள். இன்றும் நம் பிள்ளைகள் போலீசிலும் இராணுவத்திலும் வத்தானியா தொண்டர் படையிலும் பணிபுரிகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் மிகக் கடுமையான குற்றம். நாம் பேசுவது பணியில் இருப்பவர்கள் தூக்கும் கருவியைப் பற்றி மட்டுமே.

அவசரகாலத்தில் புழங்கிய லீ என்ஃபீல்டு துப்பாக்கி ஏறத்தாழ 4 கிலோ கனம். நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். 4 கிலோ அரிசியைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது பெரிதல்ல. அதையே எட்டு மணி நேரம், முள்வேலி ஓரமாக நடந்துகொண்டே சுமந்தால் தோள் என்ன சொல்லும்? அதற்காகத்தான் தோள்வார் வந்தது. மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள நெய்த பருத்தி வார்; ஒரு முனை குழலின் முன்பகுதியில் உள்ள வளையத்தில், மறுமுனை பின்கட்டையில் உள்ள வளையத்தில். அந்த வளையங்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து துப்பாக்கி தோளில் அடங்கி நிற்கும், அல்லது அடங்காமல் புரளும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். முழ நீளமுள்ள பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, அதன் மெல்லிய விளிம்பு கீழே வரும்படி நிறுத்திப் பிடியுங்கள். கீழ்விளிம்பில் முன்னும் பின்னுமாக இரண்டு ஆணி அடித்து, ஒரு கயிற்றின் இரு முனைகளையும் அவற்றில் கட்டித் தூக்குங்கள். பலகை உடனே குப்புறப் புரண்டுவிடும். இப்போது ஆணிகளைப் பிடுங்கி, பலகையின் பக்கவாட்டில், மேல்விளிம்புக்கு அருகே அடித்துத் தூக்குங்கள். பலகை புரளாமல் நிற்கும். காரணம் எளிது. கட்டிய இடத்துக்குக் கீழே கனம் இருந்தால் சுமை அமைதியாகத் தொங்கும். கட்டிய இடத்துக்கு மேலே கனம் இருந்தால் அது கீழே வரப் பார்க்கும். காண்டா வாளி கவிழாமல் இருப்பதும் இதனால்தான். அதன் பிடி மேலே, பால் கீழே.

துப்பாக்கிக்கும் இதே கதைதான். பழைய படைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் இரு வளையங்களும் அடிப்புறத்தில் இருந்தன. அப்படி வைத்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். அணிவகுப்பில் துப்பாக்கி ஒரு தோளில் செங்குத்தாக, குழல் வாய் வானத்தைப் பார்க்கத் தொங்கும். அந்த நிலையில் அடிப்புற வளையம் நன்றாகவே உதவும். ஆனால் அதே துப்பாக்கியை மார்பின் குறுக்கே தொங்கவிட்டால், நம் பலகையைப் போல அது புரளும். கைப்பிடியும் தோட்டாப் பெட்டியும் விலாவில் குத்தும். குதிரைப்படையினர் துப்பாக்கியை முதுகின் குறுக்கே மாட்டினார்கள். அதனால் அவர்களுடைய குட்டைத் துப்பாக்கிகளில் வாரைப் பக்கவாட்டில் மாட்டும் வழக்கம் வந்தது. உடலோடு தட்டையாகப் படிந்துகொண்டது.

ஆகவே, முதற்கேள்வி: சுமந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம்? வெறுமனே நெடுந்தூரம் நடப்பதா, அல்லது எந்நேரமும் கைக்கு எட்டும்படி மார்பில் வைத்திருப்பதா? முன்னதற்கு அடிப்புறம் போதும். பின்னதற்குப் பக்கவாட்டே நல்லது.

இரண்டாவது கேள்வி: எந்தப் பக்கம்? வலக்கைப் பழக்கம் உள்ளவர் துப்பாக்கியை மார்பின் குறுக்கே, குழல் வாய் இடப்பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்துக்கொள்வார். அப்போது துப்பாக்கியின் இடப்புறம் அவர் உடலை ஒட்டியிருக்கும். வாரை அந்த இடப்புறத்தில் மாட்டினால் துப்பாக்கி உடலோடு படியும். லீ என்ஃபீல்டில் போல்ட் கைப்பிடி வலப்புறத்தில் இருக்கிறது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடும் அந்தப் பக்கமே வெளியேறும். வார் அங்கே குறுக்கிட்டால் வேலை கெடும். இடக்கைப் பழக்கம் உள்ளவர் துப்பாக்கியை எதிர்ப்பக்கமாக வைத்துக்கொள்வார். வெற்றுக்கூடு வெளியேறும் பக்கம் அவர் உடலை ஒட்டி அமையும். அவர் வார் அதில் சிக்காத இடத்தைப் பார்த்து மாட்ட வேண்டும்.

மூன்றாவது கேள்வி: இரு முனைகளுக்கும் எவ்வளவு இடைவெளி? துப்பாக்கியை ஒரு விரலின் மேல் வைத்துப் பார்த்தால், ஓரிடத்தில் இரு பக்கமும் சாயாமல் நிற்கும். அதுவே சமநிலைப் புள்ளி. வாரின் ஒரு முனை இதற்கு முன்னும், மறுமுனை இதற்குப் பின்னும் அமைய வேண்டும். இரண்டும் பின்னால் போய்விட்டால் குழல் தலைகுப்புறச் சாயும். இடைவெளி அதிகமானால் துப்பாக்கி ஊஞ்சலாடாது. ஆனால் தோளிலிருந்து எடுத்து நீட்டும்போது நீண்ட வார் கைக்குத் தடையாகும். இடைவெளி குறைந்தால் கைக்குச் சுலபம்; ஆட்டமோ அதிகம். இன்னொன்றும் உண்டு. முன்வளையம் குழலோடு நேரே பிணைந்திருந்தால், வாரை இறுக்கி இழுத்துக்கொண்டு குறி பார்க்கும்போது குழலே மயிரிழை வளையும், குறி தவறும். மரத்தோடோ முன்பிடியோடோ வளையம் இருந்தால் அந்தத் தொல்லை குறைவு.

நான்காவது கேள்வியே உயிர்க் கேள்வி: தொங்கும்போது குழல் வாய் யாரைப் பார்க்கிறது? வரிசையாக நடக்கும்போது தோளில் கிடைமட்டமாகத் தொங்கும் துப்பாக்கி, பின்னால் வருபவரையோ முன்னால் போகிறவரையோ குறிபார்த்துக்கொண்டே போகும். மேல்நோக்கித் தொங்கினால் தாழ்ந்த கிளையில் சிக்கும். மழைநீர் குழலில் இறங்கும். கீழ்நோக்கித் தொங்கினால் மழை இறங்காது; ஆனால் வார் நீளமாக இருந்தால், குனியும்போது குழல் வாய் சேற்றில் குத்தும். குழல் அடைபட்டிருக்கச் சுட்டால் அது வெடித்துச் சுடுபவரையே காயப்படுத்தும். ஆகவே வாரின் நீளத்தையும் மாட்டும் இடத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அடர்ந்த காட்டில் ரோந்து போன படையினரிடம், வாரையே கழற்றிவிட்டுத் துப்பாக்கியைக் கையில் ஏந்திச் செல்லும் வழக்கமும் இருந்தது. கொடிகளில் சிக்கும் வாரைவிட வெறுங்கை மேல் என்று அவர்கள் கண்டார்கள்.

நேயர்களே, இந்தப் பாடம் துப்பாக்கியோடு நிற்பதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை கூட்டரசு நெடுஞ்சாலையில் போனால், ஓரத்தில் புல்வெட்டும் தொழிலாளர்களைக் காணலாம். கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பம்பை முதுகில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தோளிலும் வார்தான்.

விலாப்பக்கம் தொங்கும் புல்வெட்டும் இயந்திரத்தில் வார் ஒரே கொக்கியில் வந்து சேரும். ஆகையால் அந்தக் கொக்கியின் இடமே எல்லாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பாதி எண்ணெயோடு தோளில் மாட்டி, கைகளை விட்டுப் பாருங்கள். வெட்டும் தலை புல்லைச் சற்றே தொட்டு நிற்க வேண்டும். தலை மேலே எழும்பினால் கொக்கி முன்னால் அதிகம் போயிருக்கிறது, பின்னே நகர்த்துங்கள். தரையில் குத்தினால் முன்னே நகர்த்துங்கள். இதைச் சரிசெய்யாதவர் நாள் முழுதும் கையால் அழுத்தியோ தூக்கியோ வேலை செய்கிறார். மாலையில் இடுப்பு நோகிறது என்றால், இந்தக் கொக்கியையும் ஒரு முறை பார்க்க வேண்டும். ஆபத்து நேரத்தில் வாரை ஒரே இழுப்பில் கழற்றவும் பழகிக்கொள்ள வேண்டும்.

மருந்தடிக்கும் பம்பு 16 லிட்டர் பிடித்தால், தண்ணீரின் கனம் மட்டுமே 16 கிலோ. வார்கள் தளர்ந்திருந்தால் தொட்டி முதுகைவிட்டுப் பின்னால் விலகும். அதை ஈடுகட்ட நாம் கூனிக்கொண்டு நடப்போம். இரண்டு வார்களையும் ஒரே அளவில் இறுக்கி, தொட்டி முதுகோடு ஒட்டும்படி செய்யுங்கள். மெல்லிய கயிற்றை வாராகக் கட்டாதீர்கள். அது தோளை அறுக்கும். மருந்து ஊறிய வாரைக் கழுவாமல் மறுநாள் மாட்டாதீர்கள்.

நம் பெரியவர்கள் காண்டாக் கம்பைத் தோளில் வைத்த பிறகும், ஓரடி எடுத்து வைக்குமுன் ஒருமுறை அசைத்து, சமநிலை பார்த்துத்தான் நடந்தார்கள். அந்த ஒரு கணம் பல ஆண்டுகள் அவர்கள் தோளைக் காத்தது. எந்தச் சுமையானாலும் வேலை தொடங்குமுன் அந்த ஒரு கணத்தை நாமும் செலவிடுவோம். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுப்போம்.