தக்காணப் படிவுப் படுகை

தக்காணப் படிவுப் படுகை என்பது, நடு இந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் பரந்துள்ள தக்காண எரிமலைப் பாறைகளுக்கு அடியில் மறைந்திருக்கும் படிவுப் பாறைப் பகுதியாகும். புவியியலாளர் இதனைத் தக்காண சினெக்லைஸ் என்பர். இதன் பெரும்பகுதி மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அமைந்துள்ளது. இந்தியப் படுகைகளுள் மிகக் குறைவாக ஆராயப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. இங்கு வணிக அளவில் எண்ணெயோ எரிவளியோ எடுக்கப்படவில்லை. எண்ணெய் தோன்றுவதற்குத் தேவையான தடித்த படிவுகள் எங்கெங்கே உள்ளன என்பதே இங்கு முதலில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

எரிமலை மூடி

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகளின் வழியே வெளிவந்த எரிமலைக் குழம்பு, அடுக்கடுக்காக இறுகிப் பசால்ட்டுப் பாறையாயிற்று. இது இன்று சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பை மூடியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் மிகவும் தடித்தும், கிழக்கு நோக்கி மெலிந்தும் காணப்படுகிறது.

இப்பாறை சிதைந்து உண்டான கரிசல் மண் பருத்திக்குப் பெயர் பெற்றது. கோயம்புத்தூர் வட்டாரத்திலும் கரிசலும் பருத்தியும் உண்டு என்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடக்கூடாது. கொங்கு நாட்டுக் கரிசலின் அடியில் இருப்பவை நைசு முதலிய மிகப் பழைய உருமாறிய பாறைகள். கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளான அவற்றில் எண்ணெய்க்கு இடமில்லை. தமிழ்நாட்டில் எண்ணெய் கிடைப்பது காவிரிப் படுகையில்தான்.

அடியில் உள்ள பாறைகள்

நருமதைப் பள்ளத்தாக்கில் உள்ள பாக் என்னும் ஊரையடுத்து, பசால்ட்டுக்கு முற்பட்ட கிரேத்தேசியக் காலக் கடற்படிவுகள் நிலத்தின் மேலேயே தெரிகின்றன. எரிமலை வெடிப்புக்கு முன் கடல் அங்குப் புகுந்திருந்தது என்பதற்கு இவை சான்று. நருமதை, தபதி ஆறுகளின் பள்ளங்களில் பசால்ட்டின் கீழும் கணிசமான தடிப்புடைய படிவுகள் இருப்பதை நில அதிர்வலை ஆய்வுகள் காட்டியுள்ளன.

எல்லா இடத்திலும் இவ்வாறு இல்லை. 1993 இல் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்த கில்லாரியில் துளையிட்டபோது, 338 மீட்டர் பசால்ட்டுக்குக் கீழே 8 மீட்டர் படிவே கிடைத்தது. அதனடியில் நைசுப் பாறை. கொய்னாவில் இடப்பட்ட ஆழ்துளைகளில் படிவே இல்லை. பசால்ட்டு நேராகக் கருங்கல் மீதே அமர்ந்துள்ளது. ஆகவே, பசால்ட்டு மூடிய பரப்பு முழுவதையும் எண்ணெய்ப் படுகையாகக் கணக்கிடுவது தவறாகும்.

ஆய்வில் உள்ள இடர்கள்

எண்ணெய் தேடுவோர் நிலத்துள் அதிர்வலைகளைச் செலுத்தி, அவை எதிரொலித்துத் திரும்புவதைப் பதிவு செய்வர். பசால்ட்டு அடுக்குகள் அவ்வலைகளைச் சிதறடிக்கின்றன. மேலும், அலை பசால்ட்டில் விரைவாகவும் அதன் கீழுள்ள படிவில் மெதுவாகவும் செல்வதால், அலை விலகலை மட்டும் நம்பினால் படிவு அடுக்கு தெரியாமலே போய்விடும். இதனால் ஈர்ப்புவிசை அளவீடு, மின்தடை அளவீடு ஆகியவற்றையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டியுள்ளது. ஐதராபாத்திலுள்ள தேசியப் புவியியற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இவ்வாறான கூட்டாய்வுகளைச் செய்துள்ளது.

எரிமலைப் பாறை எண்ணெய்க்குப் பகையாகவே அமையும் என்பதில்லை. ஊடுருவிய குழம்பின் வெப்பம் அருகிலுள்ள எண்ணெயைச் சிதைக்கலாம். விரிசலற்ற பசால்ட்டு அதையே வெளியேறவிடாமல் மூடியாகவும் காக்கலாம். குஜராத்தின் பாத்ரா வயலில் விரிசல் விட்ட தக்காணப் பசால்ட்டிலிருந்தே எண்ணெய் கிடைத்தது. இசுக்காட்லாந்துக்கு வடக்கே 2004 இல் கண்டறியப்பட்ட ரோசுபேங்க் வயலில் எரிமலை அடுக்குகளுக்கு இடைப்பட்ட மணற்கற்களில் எண்ணெய் உள்ளது.