வலிக்கிற இடம் வேற, முடிச்சு இருக்கிற இடம் வேற

எனக்குக் கடலூரில் வீடு, சிதம்பரத்தில் வேலை. ஒரு வழிக்குச் சுமார் 45 கி.மீ., தினமும் பைக். போன வருஷம் வலது நெற்றிப்பொட்டில் ஒரு தலைவலி ஆரம்பித்தது. வெயில், தூசி, தூக்கக்குறைவு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணாடியை மாற்றினேன். தைலம் தேய்த்தேன். மூன்று மாதம் மாத்திரையில் ஓட்டினேன்.

கடைசியில் போய்ப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் என் தலையைத் தொடவே இல்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற தசையை இரண்டு விரலால் பிடித்து உருட்டினார். உள்ளே கோலிக்குண்டு மாதிரி ஒன்று நழுவியது. அதை அழுத்தியதும் நெற்றிப்பொட்டில் அதே வலி! "இதுதானே உங்க தலைவலி?" என்றார். அதேதான்.

நம்ம ஊரில் இதைப் 'பிடிப்பு' என்போம், 'சுளுக்கு' என்போம், 'வாயு பிடிச்சிருக்கு' என்போம். மருத்துவத்தில் இதன் பெயர் டிரிகர் பாயின்ட். தசைக்குள் கயிறு போல இறுகிய ஒரு பட்டை, அதில் தொட்டால் துள்ள வைக்கும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி தன் வலியை வேறு இடத்துக்கு அனுப்பும். என் தோளில் இருந்த டிரபீசியஸ் தசை அனுப்பும் வழி கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, காதுக்குப் பின்னால் போய், நெற்றிப்பொட்டில் முடிகிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர் கெல்கிரன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 1930-களின் கடைசியில், தன் தசையிலும் தன்னார்வலர்கள் தசையிலும் உப்புநீரை ஊசியால் செலுத்தி, வலி எங்கே தெரிகிறது என்று குறித்து வைத்தார். ஊசி போட்ட இடத்திலிருந்து தள்ளி வேறு இடத்திலும் வலி தெரிந்தது. பிறகு ஜேனட் டிராவெல் வந்தார். முதுகுவலியால் அவதிப்பட்ட கென்னடிக்கு மருத்துவம் பார்த்து, 1961-ல் வெள்ளை மாளிகை மருத்துவரானவர். அவரும் டேவிட் சைமன்ஸும் சேர்ந்து 1983-ல், எந்தத் தசை வலியை எங்கே அனுப்பும் என்று படம் போட்டு ஒரு பெரிய கையேடே வெளியிட்டார்கள்.

சரி, முடிச்சு எப்படி விழுகிறது? அவர்கள் சொன்ன விளக்கம் இது. நரம்பு தசையைத் தொடும் இடத்தில் அசிடைல்கோலின் என்ற ரசாயனம் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அந்தச் சின்ன இடத்துத் தசைநார்கள் மட்டும் சுருங்கிக்கொள்கின்றன. சுருங்கிய தசை பக்கத்து ரத்தக்குழாய்களை நெருக்குவதால் ஆக்சிஜன் குறைகிறது, சக்தியும் குறைகிறது. இங்கேதான் சிக்கல். தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் சக்தி வேண்டும். உயிர் போனபின் உடம்பு விறைத்துப் போவதும் அதனால்தான். சக்தி இல்லாத தசை, பிடித்த பிடியை விடமுடியாமல் கிடக்கிறது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஆளைப் பரிசோதிக்கும் இரண்டு நிபுணர்கள் ஒரே இடத்தில் முடிச்சைக் காட்டுவதில்லை என்பது பழைய புகார். 2015-ல் குவின்ட்னர், போவ், கோஹன் மூவரும், பிரச்சினை தசையில் இல்லாமல் நரம்பில் இருக்கலாம் என்று எழுதினார்கள். வலி நிஜம். காரணம் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

வைத்தியம் நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்றே ஒரு முறை இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை. நான் செய்தது இதில் அழுத்தலும் இழுத்தலும் அசைத்தலும்தான். முதலில் வெந்நீர் ஒத்தடம். பிறகு சுவருக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு டென்னிஸ் பந்து. 'வலிக்குது, ஆனா நல்லாருக்கு' என்று சொல்லும் அளவுக்கு அரை நிமிடம் அழுத்தம். பல்லைக் கடிக்க வேண்டியிருந்தால் அது அதிகம். அப்புறம் கழுத்தை எதிர்ப்பக்கம் மெதுவாகச் சாய்த்து இழுத்துவிட வேண்டும். கழுத்தின் முன்பக்கத்தில் மட்டும் இந்த விளையாட்டு கூடாது. ஊசி குத்தி முடிச்சை எடுப்பதும் உண்டு. தோளுக்குக் கீழே நுரையீரல் இருப்பதால் அது பயிற்சி பெற்றவர் கையில்தான்.

இதெல்லாம் தற்காலிகம். லேப்டாப் பையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு, எதிர்க்காற்றுக்குத் தோளைக் குறுக்கியபடி ஓட்டியதுதான் என் முடிச்சுக்குக் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். பையை வண்டியில் கட்டிவிட்டு, ஆலப்பாக்கத்தில் ஒருமுறை, புதுச்சத்திரத்தில் ஒருமுறை நிறுத்தித் தோளைச் சுழற்ற ஆரம்பித்தபிறகு மாத்திரை தேவைப்படவில்லை.

ஆனால் இதை எழுத வைத்தது என் தலைவலி இல்லை. சிதம்பரத்தில் இருக்கும் என் மாமாவுக்கு ஒருநாள் விடியற்காலை இடது தோளில் வலி. வேர்த்துக் கொட்டியது. "வாயு பிடிச்சிருக்கு" என்று சொல்லிப் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள், தைலம் போட்டு நீவிவிட்டார்கள். மூன்று மணிநேரம் போனது. அது மாரடைப்பு.

தோள் முடிச்சு தலையில் வலிக்கிற மாதிரியேதான் இதயமும் தோளில் வலிக்கும். இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் கையிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. சேதி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குக் குழப்பம். அழுத்தினால் வலிக்கிறது என்பதற்காக 'இது தசைதான்' என்று முடிவு கட்டவும் முடியாது.

அதனால் நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ ஓடும் வலி இருந்தால் தைலத்தைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் நீவவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். கை கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

மாமா பிழைத்துக்கொண்டார். ஆனால் செத்துப்போன இதயத்தசை திரும்ப வரவில்லை. இப்பவும் மாடி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார். எங்கள் வீட்டில் யாராவது "பிடிச்சிருக்கு" என்றால், அத்தைதான் முதல் ஆளாகக் கேட்கிறார்: "வேர்க்குதா?"