குழந்தைக்கு குரோன்ஸ் நோயா? எப்போதும் எண்டோஸ்கோப்பி வேண்டியதில்லை!

குடலில் ஏற்படும் நாள்பட்ட அழற்சிதான் குரோன்ஸ். வயிற்றுவலி, பேதியோடு சில குழந்தைகளுக்கு வளர்த்தியே நின்றுவிடும். நோயை முதலில் உறுதிசெய்ய எண்டோஸ்கோப்பி அவசியம். ஆனால், அதன்பின் ஒவ்வொரு செக்கப்புக்கும் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட வேண்டியதில்லை.

வலி நின்ற பிறகும் உள்ளே அழற்சி தொடரலாம். அதைக் காட்டிக்கொடுப்பது, மலத்தில் இருக்கும் 'கால்ப்ரொடெக்டின்' என்ற புரதம். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பொதுவாக நிம்மதி. 250-ஐத் தாண்டினால் டாக்டர் அடுத்த கட்டத்தை யோசிப்பார். சாதாரண வயிற்றுத் தொற்றும், இபுப்ரூஃபென் மருந்தும்கூட இதை ஏற்றிவிடும். எனவே, ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பதறாதீர்கள் அம்மாக்களே!

குடல் சுவர் தடித்திருப்பதை அல்ட்ராசவுண்டிலேயே பார்க்கலாம். ஸ்கோப் எட்டாத சிறுகுடலுக்கு எம்.ஆர். என்டரோகிராபி. கதிர்வீச்சு இல்லை, ஆனால், ஸ்கேனுக்கு முன் நிறைய திரவம் குடிக்கவைக்க வேண்டும். அதுதான் பெரும்பாடு!